சென்சார் ஸ்கீமாவில் பாதியை வெட்டச் சொல்கிறார்கள், ஏன்?

ஜூலை 31. திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

"அண்ணா, கேமரா சென்சார் ஒன்றை இயக்கும் லினக்ஸ் டிரைவர் நிரல் எழுதி அனுப்பினேன். டிரைவரைப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனோடு போன டிவைஸ் ட்ரீ ஸ்கீமாவைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 142 வரிகள். சோதனைக் கருவி ஒரு பிழை கூடக் காட்டவில்லை. ஆனாலும் மறுஆய்வாளர் 14 இடங்களில் 'எடுத்துவிடுங்கள்', 'தேவையில்லை' என்று எழுதியிருக்கிறார். சரியாக இருப்பதை எதற்கு எடுக்க வேண்டும்? விளக்கமாக எழுதுவது குற்றமா?"

ஆகஸ்ட் 1, இரவு

குற்றமில்லை தம்பி. ஆனால் அந்தப் 14 இடங்களில் 12 இடங்களில் நானும் அதையே எழுதியிருப்பேன்.

ஸ்கீமா எதற்கு என்பதிலிருந்து வருகிறேன். யூஎஸ்பி கருவியைச் செருகினால் அது தானாகவே 'நான் இன்னார்' என்று சொல்லிவிடும். ஐ2சி என்னும் இரு கம்பித் தடத்தில் உட்கார்ந்திருக்கும் சென்சார் வாயே திறக்காது. எந்த முகவரியில் இருக்கிறது, எந்தக் கடிகாரத் துடிப்பில் ஓடுகிறது, ரீசெட் கம்பி எங்கே போகிறது என்று யாராவது எழுதிக் கொடுத்தால்தான் லினக்ஸின் மையமான கெர்னலுக்குத் தெரியும். அப்படி எழுதிக் கொடுக்கும் கோப்பு டிவைஸ் ட்ரீ. அந்தக் கோப்பில் என்னென்ன பண்புகள் வரலாம், எது கட்டாயம், எதற்கு எத்தனை மதிப்பு என்று விதிப்பது ஸ்கீமா.

ட்ரீ என்றால் நமக்கு விளக்கமே வேண்டாம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நான்காகப் பிரிகிறது. வெண்ணாறு தென்பெரம்பூரில் மறுபடி பிரிகிறது. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில், அதாவது தண்ணீரைப் பிரித்துவிடும் மதகில், கோரையாறும் பாமணியாறும் கிளைக்கின்றன. அதற்குக் கீழே ஏ வாய்க்கால், பி வாய்க்கால் என்று வயல் மடை வரை இறங்குகிறது. டிவைஸ் ட்ரீயும் இதே மாதிரிதான். செயலி, அதன் கீழ் ஐ2சி தடம், அதன் கீழ் சென்சார். ஒவ்வொன்றும் ஒரு கணு. 'மூன்றாம் நம்பர் வாய்க்கால்' என்றால் எந்த ஆற்றில் என்று கேட்போம் இல்லையா? சென்சாரின் முகவரியும் அது இருக்கும் தடத்துக்குள் மட்டும்தான் செல்லும்.

இப்போது வெட்டுக்கு வருகிறேன். என் தாத்தா ஒரு தலைப்பில் மதகைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்தவர். அவரிடம் இரண்டு நோட்டுகள் உண்டு. ஒன்றில் மதகு எத்தனை கண், ஒவ்வொரு கண்ணும் எத்தனை அடி, ஷட்டர் பலகை மரமா இரும்பா, அடிமட்டம் எவ்வளவு என்று இருக்கும். அவருக்கு முன்னால் இருந்தவர் எழுதியது, இவர் பிரதி எடுத்துக்கொண்டது. மற்றொன்று அன்றாடம் எழுதுவது. இன்று அளவுகோலில் எத்தனை அடி, எந்தக் கண்ணை எத்தனை சுற்று தூக்கினோம் என்ற கணக்கு. ஸ்கீமா முதல் நோட்டு. உன் 142 வரிகளில் கணிசமான பங்கு இரண்டாம் நோட்டிலிருந்து வந்தது. அது டிரைவருக்குள் இருக்க வேண்டியது.

ஆகஸ்ட் 2, காலை

நேற்று பொதுவாகப் பேசிவிட்டேன். உன் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

'ரெக்' பண்பின் கீழே 'சாதனத்தின் ஐ2சி முகவரி' என்று விளக்கம் எழுதியிருக்கிறாய். ஐ2சி தடத்தில் இருக்கும் கணுவுக்கு 'ரெக்' என்றால் முகவரியைத் தவிர வேறொன்றும் கிடையாது. 'மேக்ஸ்-ஐட்டம்ஸ் 1', அதாவது ஒரே ஒரு மதிப்பு, என்று ஒரு வரி போதும். அதில் எண்ணிக்கை இருக்கிறது, கருவி அதைச் சரிபார்க்கும். உன் வாக்கியத்தை எந்தக் கருவியும் சரிபார்க்காது.

'கிளாக்ஸ்' பண்பில் ஒரே ஒரு கடிகாரம். பிறகு 'கிளாக்-நேம்ஸ்' எதற்கு? ஒற்றைப் பிள்ளை இருக்கும் வீட்டில் 'மூத்தவனே' என்று கூப்பிடுவதில்லை. இரண்டு கடிகாரம் இருந்தால் பெயர் வேண்டும்.

தலைப்பில் 'இன்ன சென்சாருக்கான டிவைஸ் ட்ரீ பைண்டிங்' என்று போட்டிருக்கிறாய். அந்த அடைவில் இருக்கும் எல்லாக் கோப்பும் பைண்டிங்தான், அதாவது ஒரு சாதனத்தின் பண்புகளை விதிப்பதுதான். சென்சாரின் பெயரை மட்டும் எழுது.

எடுத்துக்காட்டு இரண்டு கொடுத்திருக்கிறாய். இரண்டுக்கும் எந்தச் சில்லு என்று சொல்லும் 'கம்பேட்டிபிள்' பெயர் ஒன்றைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. ஒன்றை எடுத்துவிடு. மீதமுள்ளதில் யாரும் சுட்டாத லேபிள்கள் நான்கு இருக்கின்றன, அவற்றையும் எடு. 'ஸ்டேட்டஸ்' வரியும் வேண்டாம், எழுதாவிட்டாலே சாதனம் இயங்கும் என்றுதான் பொருள்.

இனி பெரிய வெட்டு. 38 வரிகள் ஒரே இடத்தில் போகின்றன. சென்சாரிலிருந்து படம் வெளியேறும் வாயைச் சொல்லும் 'போர்ட்' பகுதி அது. அதற்குள் 'எண்ட்பாயிண்ட்', அதற்குள் 'டேட்டா-லேன்ஸ்', 'லிங்க்-ஃப்ரீக்வென்சீஸ்', 'ரிமோட்-எண்ட்பாயிண்ட்' என்று ஒவ்வொன்றுக்கும் அது எண்ணா, சுட்டியா, எத்தனை பிட் என்று நீயே வரையறுத்திருக்கிறாய். இவை எல்லாம் வீடியோ சாதனங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு ஸ்கீமா கோப்பில் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தக் கோப்பைச் சுட்டிவிட்டு, உன் சென்சாருக்கு மட்டும் உரிய கட்டுப்பாட்டை எழுதினால் போதும். உன் சில்லில் படத் தரவு போகும் தடங்கள், அதாவது லேன்கள், இரண்டுதான் இருக்கின்றன என்றால் அதைச் சொல். லேன் என்றால் என்ன என்று நீ சொல்ல வேண்டாம்.

பொதுவானதைத் திரும்ப எழுதுவதில் நீளம் மட்டும் பிரச்சினை இல்லை. பொதுக் கோப்பில் நாளை ஒரு திருத்தம் வரும். உன் பிரதி பழையதாகவே கிடக்கும். அப்போது ஒரே பண்புக்கு இரண்டு சட்டம் ஆகிவிடும்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. படித்துறையில் கூட்டம், முளைப்பாரி விட வந்தவர்களோடு நானும் காலையில் நின்றேன். ஒரே ஒரு குறிப்பு, ஏனென்றால் இதே கேள்வி வேறு இருவரிடமிருந்தும் வந்திருக்கிறது.

சில்லு தயாரிப்பவர் தரும் விவரத்தாள்கள் சிலவற்றில் முகவரியை எட்டு பிட்டாகக் கொடுத்திருப்பார்கள். கடைசி பிட் எழுதுவதா படிப்பதா என்பதைச் சொல்வது, முகவரியில் சேராது. டிவைஸ் ட்ரீயில் ஏழு பிட் முகவரிதான் வரும். தாளில் பதினாறடிமானத்தில் 20 என்று இருந்தால் நீ எழுத வேண்டியது 10. இதைப் பிடிக்காமல் இரண்டு நாள் கம்பியை மாற்றி மாற்றிப் பற்றவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 5, மின்சாரம் வந்த பிறகு

'ஃப்ரேம்-ரேட்' என்று நீயே ஒரு பண்பை உருவாக்கியிருக்கிறாயே, அதைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும். நொடிக்கு எத்தனை படம் வேண்டும் என்பது பயன்படுத்துகிறவரின் விருப்பம். இயங்கும்போது பயன்பாட்டு நிரல் கேட்டுக்கொள்ளும், டிரைவர் தரும். மதகை எத்தனை சுற்று தூக்குவது என்பதைக் கல்வெட்டில் வெட்டுவதில்லை.

கல்வெட்டு என்று சும்மா சொல்லவில்லை. டிவைஸ் ட்ரீ கோப்பு தொகுக்கப்பட்டு மின்சுற்றுப் பலகையின் ஃபிளாஷ் நினைவகத்தில் போய் உட்கார்ந்துவிடலாம். அந்தப் பலகைக்கு அடுத்த ஆண்டு புதிய கெர்னல் வரும், ட்ரீ பழையதாகவே இருக்கும். பழைய ட்ரீயோடு புதிய கெர்னல் ஓடியாக வேண்டும். ஆகவே ஸ்கீமாவில் ஒரு பண்பு ஏறிவிட்டால் அதை இறக்குவது பெரும்பாடு. வேண்டுமானால் பிறகு ஒன்றைச் சேர்க்கலாம், கட்டாயமாக்காமல் சேர்த்தால் யாருக்கும் கேடில்லை. இதனால்தான் மறுஆய்வாளர்கள் நுழைவாயிலிலேயே நிறுத்திக் கேட்கிறார்கள்.

எளிய விதி ஒன்று சொல்கிறேன்: டிரைவர் பயன்படுத்தாததை ஸ்கீமாவில் எழுதாதே.

ஆகஸ்ட் 9

எங்கள் ஊர் வாய்க்கால் தலைப்பில் நாங்கள் வைத்திருக்கும் கேமராவைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பி வாய்க்கால், இரண்டு கண் மதகு. கரைச் சுவரில் அடியும் அங்குலமும் கறுப்பில் எழுதிய வெள்ளைப் பலகை. கேமரா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பலகையைப் படம் பிடிக்கும். கடைமடையில் இருப்பவர்கள் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க நான்கு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டாம். அவ்வளவுதான் நோக்கம்.

மழை படாமல் இருக்கக் கேமராவைப் பாலத்தின் அடிப்பக்கத்தில் தொங்கவிட்டோம். படம் தலைகீழாக வந்தது. அடி எண்கள் எல்லாம் கவிழ்ந்து, தண்ணீர் வானத்தில் நின்றது. பக்கத்து வீட்டுப் பையன் ஃபோனைத் திருப்பிப் பிடித்துப் படித்துக் காட்டினான்.

இதற்கு 'ரொட்டேஷன்' என்று ஒரு பண்பு இருக்கிறது. சென்சார் எத்தனை பாகை திரும்பிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று சொல்வது. நான் 180 என்று எழுதினேன். சோதனைக் கருவி 'இப்படி ஒரு பண்புக்கு இடமில்லை' என்று மறுத்தது. பொதுக் கோப்பைச் சுட்டித்தான் இருந்தேன், அதில் 'ரொட்டேஷன்' இருக்கிறது. பிறகு ஏன் மறுக்கிறது?

கோப்பின் கடைசி வரி காரணம். 'அடிஷனல்-ப்ராப்பர்ட்டீஸ்' கிடையாது என்று பூட்டியிருந்தேன். அந்தப் பூட்டு என் கோப்பில் பெயர் சொல்லி எழுதியவற்றை மட்டுமே உள்ளே விடும். சுட்டிய கோப்பிலிருந்து வருபவற்றை அது பார்க்காது. 'அன்எவாலுவேட்டட்-ப்ராப்பர்ட்டீஸ்' கிடையாது என்று போட்டால், சுட்டிய கோப்புகள் ஏற்றுக்கொண்டதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மீதியை மட்டும் தடுக்கும். ஒரு சொல்லை மாற்றினேன், வேலை முடிந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு பொதுப் பண்பையும் 'இதுவும் சரி', 'இதுவும் சரி' என்று பட்டியல் போட்டிருந்தேன். அந்த ஒன்பது வரிகளும் அப்படியே உதிர்ந்தன.

தம்பி, உன் கோப்பிலும் இதே பட்டியல் இருக்கிறது, பார்.

ஆகஸ்ட் 13

ஆகஸ்ட் 5 குறிப்பின் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். அது தவறு. யாராவது அதைப் பின்பற்றி வெட்டியிருந்தால் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

நடந்தது இது. என்னுடைய ஸ்கீமாவையும் சுருக்கி நேற்று அனுப்பினேன். மின்வழங்கல் பண்புகள் மூன்றையும் எடுத்திருந்தேன். எங்கள் பலகையில் சென்சாருக்குப் போகும் மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், டிரைவர் அதைத் தொடுவதே இல்லை. பயன்படுத்தாததை ஏன் எழுத வேண்டும் என்று நினைத்தேன். இரவே பதில் வந்தது. ஒரே கேள்விதான்: "இந்தச் சில்லுக்கு மின்சாரக் கால்களே கிடையாதா?"

இருக்கின்றன. விவரத்தாளின் முதல் படத்திலேயே இருக்கின்றன. அனலாக் பகுதிக்கு 2.8 வோல்ட், வெளித்தொடர்புக் கால்களுக்கு 1.8, உள்ளே இலக்கச் சுற்றுக்கு 1.2. அடுத்தவர் இதே சென்சாரை வேறு பலகையில் வைப்பார். அங்கே இந்த மூன்றையும் அணைத்து எழுப்பியாக வேண்டியிருக்கும். அவருக்கு என் ஸ்கீமாவில் இடமே இருக்காது.

தாத்தாவின் நோட்டை வைத்தே இதை யோசித்திருக்க வேண்டும். ஒரு மதகில் மூன்று கண், அதில் ஒன்று பல வருடமாகத் துருவேறித் திறப்பதே இல்லை. அதற்காக முதல் நோட்டில் 'இரண்டு கண் மதகு' என்று எழுதுவாரா? மூன்று என்றுதான் எழுதுவார். மூன்றாவதைத் தூக்கவில்லை என்பது இரண்டாம் நோட்டில் வரும்.

ஆகவே அளவுகோல் டிரைவர் இல்லை. சில்லில் இருக்கிறதா என்பதைப் பார். இருந்தால் எழுது, இன்றைய டிரைவர் அதைத் தொடாவிட்டாலும் எழுது. சில்லில் இல்லாமல் உன் நிரலின் வசதிக்காக வந்ததை எடு. 'ஃப்ரேம்-ரேட்' போனதும், மின்வழங்கல் பண்புகள் ஸ்கீமாவில் தங்குவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

ஆகஸ்ட் 14

"அப்படியானால் 'லிங்க்-ஃப்ரீக்வென்சீஸ்' மட்டும் ஏன் ஸ்கீமாவில் நிற்கிறது, அதிர்வெண்ணை டிரைவர்தானே தேர்ந்தெடுக்கும்?" என்று கும்பகோணத்திலிருந்து ஒருவர்.

நல்ல கேள்வி. எந்த அதிர்வெண் செல்லும் என்பதைப் பலகையும் தீர்மானிக்கிறது. கம்பியின் நீளம், பக்கத்தில் இருக்கும் ரேடியோவுக்கு ஏற்படும் இடையூறு, எதிர்முனையில் படத்தை வாங்கும் சாதனத்தின் வேகம். இவை பலகைக்குப் பலகை மாறும், டிரைவருக்குத் தெரிய வழியில்லை. அனுமதிக்கப்பட்டவற்றை ட்ரீ பட்டியலிடுகிறது, அதற்குள்ளிருந்து டிரைவர் எடுத்துக்கொள்கிறது. வாய்க்கால் கரை எவ்வளவு தாங்கும் என்று சொல்வது போல.

'டேட்டா-லேன்ஸ்' பற்றியும் இதையே கேட்டிருக்கிறார். சில்லில் நான்கு லேன் இருக்கலாம், பலகையில் இரண்டுக்கு மட்டும் கம்பி இழுத்திருக்கலாம். அதனால் நிற்கிறது.

ஆகஸ்ட் 18

மயிலாடுதுறையிலிருந்து கல்லூரியில் கற்பிக்கும் ஒரு அம்மா நீண்ட மறுப்பு எழுதியிருக்கிறார். சாரம் இது: "விளக்கங்களை எல்லாம் உரித்துவிட்டால் புதிதாக வருகிற பிள்ளைகள் எதைப் படித்துக் கற்றுக்கொள்வார்கள்? தெரிந்தவர்களுக்கு 'ரெக்' போதும். என் மாணவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் பெரிய கைப்பிடி."

இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நானும் முதலில் கற்றுக்கொண்டது இப்படிப்பட்ட விளக்க வரிகளை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான்.

அன்று அந்த வரிகள் இருந்த இடம் வேறு. 2018 இறுதிக்கு முன்பு ஸ்கீமா என்ற ஒன்றே கெர்னலில் கிடையாது, பைண்டிங்குகள் வெறும் உரைக் கோப்புகள். மனிதன் எழுதி மனிதன் படிப்பது. கோப்பில் 'கட்டாயம்' என்று இருக்கும், எடுத்துக்காட்டிலேயே அந்தப் பண்பு விடுபட்டிருக்கும், ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிக்க மாட்டார்கள். பலகைக்குப் பலகை சி மொழியில் தனிக் கோப்பு என்று கெர்னலில் ஆர்ம் வகைச் செயலிகளுக்கான பகுதி வீங்கிப்போய், 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே கோபப்பட்டார். அதற்குப் பின்தான் ஆர்ம் உலகம் டிவைஸ் ட்ரீயை வேகமாகக் கையில் எடுத்தது. இந்த யோசனையே 1994ஆம் ஆண்டின் ஓப்பன் ஃபர்ம்வேர் தரநிலையிலிருந்து வருவது, நம் கையில் புதிதாகப் பிறந்ததில்லை. பலகைகளின் விவரம் ட்ரீக்குள் வந்த பிறகு அதைச் சரிபார்க்க ஆளில்லை என்ற குறை இருந்தது. கருவியும் படிக்கக்கூடிய யேமல் வடிவ ஸ்கீமா வந்து அதைத் தீர்த்தது.

ஆகையால் அம்மாவுக்கு என் பதில்: விளக்க வாக்கியங்கள் வேண்டும், விதி சொல்ல முடியாததைச் சொல்லும் இடத்தில் வேண்டும். ரீசெட் கால் தாழ்நிலையில் இயங்குமா உயர்நிலையில் இயங்குமா என்று தாளின் மொழியில் ஒரு வரி. இந்தக் கால் விவரத்தாளில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று ஒரு வரி. இவற்றை மறுஆய்வாளர் வெட்டியதாக நான் பார்த்ததில்லை, கேட்டு வாங்கியதைத்தான் பார்த்திருக்கிறேன். 'ரெக் என்றால் முகவரி' என்பது வகுப்பறையில் ஒருமுறை சொல்ல வேண்டியது. ஆயிரக்கணக்கான கோப்புகளில் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை.

அதோடு ஒன்று. அந்தப் பாடத்தைத் தமிழில் எழுதி வைக்க வேண்டியது நம் வேலை. அம்மா எழுதினால் எடுத்துக்காட்டுகளை நான் தருகிறேன்.

ஆகஸ்ட் 22

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று சில்லுகளை ஒரே கோப்பில் அடைக்கலாமா என்ற கேள்வி.

அடைக்கலாம். பெயர்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட வேண்டும். கடைசி எழுத்துக்குப் பதிலாக எக்ஸ் போட்டு 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள், நாளைக்கு அதே பெயர் வரிசையில் முற்றிலும் வேறான சில்லு வந்துவிடும். வேறுபாடு ஒன்றிரண்டு என்றால் 'இந்தச் சில்லு என்றால் இரண்டு லேன், அந்தச் சில்லு என்றால் நான்கு' என்று நிபந்தனை எழுதலாம். நிபந்தனைப் பகுதி மற்ற பகுதியை விட நீளமாகிவிட்டால் அது ஒரு கோப்பாக இருக்க விரும்பவில்லை. இரண்டாகப் பிரித்துவிடு. நான் ஒருமுறை நான்கு அடுக்கு நிபந்தனை எழுதி, மூன்று மாதம் கழித்து என்னாலேயே அதைப் படிக்க முடியாமல் பிரித்தேன்.

ஆகஸ்ட் 26, மாலை

தம்பியின் மூன்றாம் பதிப்பு. 142 இப்போது 67. மறுஆய்வாளர் ஒப்புதல் வரி கொடுத்துவிட்டார். மின்வழங்கல் மூன்றும் கட்டாயப் பட்டியலில் இருக்கின்றன. ரீசெட் காலுக்கு ஒரு வாக்கியம், தாளில் உள்ள பெயரோடு. 'போர்ட்' பகுதி 38 வரியிலிருந்து 13.

நான் மாற்றுக் கருத்துச் சொன்ன இரண்டு இடங்கள் எவை என்று கேட்டிருந்தான். ஒன்று, 'டேட்டா-லேன்ஸ்' கட்டாயம் இல்லை என்று மறுஆய்வாளர் சொன்னது. சில்லில் நான்கு லேன் இருப்பதைத் தாளின் பக்கத்தோடு காட்டிப் பதில் எழுதச் சொன்னேன், எழுதினான், அவர் ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் 2 அன்று நான் 'இரண்டு லேன்கள்தான் என்றால்' என்று எழுதியது தாளைப் பார்க்காமல் எழுதியது. மற்றொன்றில் என் கருத்தே தவறு. கட்டாயப் பண்புகளின் வரிசையைப் பற்றியது, மேலே எழுதிய அதே வரிசையில்தான் கீழேயும் வர வேண்டும்.

இன்று தலைப்பில் லென்ஸைத் துடைக்கப் போனேன். சிலந்தி வலை கட்டியிருந்தது, வலையில் குறுவை வைக்கோலின் தூசி. பாலத்தின் கீழே மல்லாந்து படுத்தால்தான் கை எட்டும். துடைத்துவிட்டு ஃபோனில் படத்தைப் பார்த்தேன். எண்கள் நேராக நிற்கின்றன. மூன்று அடி இரண்டு அங்குலம், பலகையிலும் அதுவே.